ஓர் ஆளுக்கான படகு

என் அண்ணனுக்கு எடைமேடையில் வேலை. லாரி வந்து மேடைமேல் ஏறி நிற்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடி எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பான். சரக்கோடு வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு எடை. இருபத்தாறு வருஷமாக இதுதான் உத்தியோகம். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அதற்கு முன்னாலும் அவன் ஒன்றும் பெரிய வாயாடி கிடையாது. இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சுத்தம். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அண்ணிதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கும் எனக்கும் ஆகாது. அதை மறைப்பானேன்? நாத்தனார் வாய் இப்படி என்று அவள் பத்துப் பேரிடம் சொல்வாள். அண்ணியின் கை அப்படி என்று நான் இருபது பேரிடம் சொல்வேன். ஆனால் அவள் சிறுநீரகம் கெட்டு நாற்பத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தபோது, வாசலில் விழுந்து முதலில் கதறியது நான்தான். சண்டை போட ஆள் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். கட்டிப்பிடித்து அழுதவர்களின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையை ஆணியில் மாட்டியவன் மறுபடி அதைத் தொடவில்லை. அதற்குள் அவளுடைய சீப்பும் இரண்டு நைட்டியும் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் சமைத்து எடுத்துக்கொண்டு போவேன். ஒரு தடவை வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகிறவனைத் தேற்றலாம், குடிக்கிறவனைத் திட்டலாம். இப்படி இருப்பவனை என்ன செய்வது?

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஒரு படகு கிடக்கிறது. அலுமினியப் படகு. பன்னிரண்டு அடி நீளம். ஒரு காலத்தில் பச்சை அடித்திருக்கிறார்கள். இப்போது அது செதில் செதிலாகப் பெயர்ந்து நின்றது. ஒரு பக்கம் உள்ளே நசுங்கியிருந்தது. அடியில் விரல் நுழைகிற மாதிரி இரண்டு ஓட்டைகள்.

"என்னண்ணா இது?"

"படகு."

"அது எனக்கும் தெரியுது. இங்க எப்படி வந்துச்சு?"

"பழைய இரும்பு ஏத்திட்டு ஒரு லாரி வந்துச்சு. அதுல இருந்துச்சு. அறுபத்திரெண்டு கிலோ."

லாரியைப் படகோடு ஒரு தடவையும் இறக்கிவிட்டு ஒரு தடவையும் நிறுத்திப் பார்த்திருக்கிறான். பதிலுக்குத் தன் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டானாம். இனி வேலைக்கு நடந்துதான் போக வேண்டும். மூளை கலங்கிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

"உனக்குத்தான் நீச்சலே தெரியாதே. படகை வச்சுக்கிட்டு எங்க போகப்போற?"

"ஓட்டைய அடைச்சுட்டு ஏரிக்கு."

"ஏரியில எங்க?"

"நடுவுல."

"நடுவுல போயி?"

படகின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டு நின்றான். நகரத்துக்கே தண்ணீர் கொடுக்கிற ஏரி அது. நடுவில் ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. என் அண்ணன் சாகப் போகிறான் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைக்க?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எதையும் பதறாமல் கேட்கிறவர். அதுவே எனக்குப் பாதி நாள் எரிச்சல்.

"சாகணும்னு நினைக்கிறவன் ஓட்டையை ஏன் அடைக்கிறான்? யோசிச்சுப் பாரு."

"நடு வரைக்கும் போய்ச் சேரணுமே!"

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்ப நீ கூடவே இரு" என்றார். நாங்கள் இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியதில் அவர் சொன்ன உருப்படியான யோசனை இது ஒன்றுதான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. வலியோடு வந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களோடு ஆறு நாள் இருக்கிறவளுக்கு ஏழாவது நாளும் அப்படியே போனால் என்ன குறைந்துவிடும்?

அண்ணன் வாழ்க்கையில் ஸ்பானர் பிடித்தவன் இல்லை. குழாயில் வாஷர் மாற்றுவதுகூட அண்ணிதான். முதலில் பெயின்டைச் சுரண்டினான். கடைக்குப் போய் இரும்புக் கம்பி பிரஷ் வாங்கிவந்து மூன்று வாரம் தேய்தேய் என்று தேய்த்ததில் பச்சை போனது. படகு முழுக்கக் கீறல் வந்தது. பிறகு இரண்டு ஓட்டைகள் மேலும் தகரத் துண்டு வைத்து, எடைமேடைக்குப் பக்கத்து லேத் பட்டறைக்காரர் கொடுத்த இரும்பு போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினான். பார்க்கக் கெட்டியாகத்தான் இருந்தது. எனக்கும் ஒன்றும் தெரியாதல்லவா, "பரவால்லயே" என்று வேறு சொல்லிவைத்தேன்.

ஏரிக்கரையில் வாடகைப் படகுகளைப் பழுது பார்க்கிற ஒருவர் இருந்தார். தகடு அடித்து அடித்துக் காது பாதி போய்விட்டது. அதனால் எது பேசினாலும் உரக்கத்தான் பேசுவார். எல்லாரும் அவரை சவுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. துடுப்பு கேட்கப் போன அண்ணனோடு படகைப் பார்க்க வந்தவர், போல்ட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருங்க இந்த வேலையப் பாத்தது?"

"நான்தான்," என்றான் அண்ணன்.

"அலுமினியத்துல போயி இரும்பையா போடுவாங்க? ரெண்டும் தண்ணிக்குள்ள ஒண்ணா இருந்தா ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடும்! ஒரு வருஷம் போகட்டும், போல்ட்டு அப்படியே இருக்கும், அதச் சுத்தித் தகடு வெள்ளையா மாவாக் கொட்டும்! கம்பி பிரஷ் வேற போட்டுத் தேச்சீங்களா? நல்லா இருக்கு!"

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. வேறு யாராக இருந்தாலும் கூனிக் குறுகிப் போயிருப்பார்கள். அண்ணன் லாரி எடையைப் பார்ப்பதுபோலச் சும்மா கேட்டுக்கொண்டு, ஸ்பானரை எடுத்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். சவுண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அவர் அளவில் அடங்கிய குரலில், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். படகுக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கெங்கே வெளியே கசிகிறது என்று அடியில் பார்த்து வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள், தகடுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற பழைய ரிவிட் ஆணியின் தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டு அலுமினிய ரிவிட் அடிக்க வேண்டும்.

"ஆனா இது ஒத்த ஆள் வேலை இல்ல. ஒருத்தர் மேலேர்ந்து அடிக்கணும், ஒருத்தர் உள்ளேர்ந்து இரும்புக் கட்டியை அண்டக் குடுக்கணும். யாரு இருக்கா?"

அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. "நான் இருக்கேன்," என்றேன்.

நாலு டயர்களை அடுக்கிப் படகை அதன்மேல் வைத்து, குழாயைத் திறந்துவிட்டோம். நான் டார்ச்சும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். முதலில் ஒரு சொட்டு. பிறகு பத்து இடத்தில். பிறகு என் முகமெல்லாம் தண்ணீர். முப்பத்தேழு வட்டம் போட்டேன். எழுந்து வந்து சொன்னபோது, "சரி" என்றான். அவ்வளவுதான். மூன்று என்றாலும் முந்நூறு என்றாலும் அதே "சரி"தான் வந்திருக்கும்.

ரிவிட் அடிப்பதற்குப் படகைக் கவிழ்த்துப் போட்டோம். நான் அதற்குள் நுழைந்து, இரண்டு கிலோ இரும்புக் கட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, ரிவிட்டின் வால் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவன் வெளியிலிருந்து சுத்தியால் அடிப்பான். அடிக்கும் முன்னால் லேசாக ஒரு தட்டு தட்டுவான்: தயாரா? நான் கட்டியால் ஒரு தட்டு: தயார். அடித்து முடித்ததும் இரண்டு தட்டு. அடுத்த ரிவிட். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. உள்ளே புழுக்கம். ஒவ்வொரு அடியும் பல்லுக்குள் இறங்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் பேசுவது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். அது ஒன்றும் எனக்கு இழப்பில்லை.

படகுக்குள் இருந்தால் அவன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியாது. அதில் எனக்குத் தைரியம் வந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டாவது ரிவிட்டோ பத்தொன்பதாவதோ, அவன் தட்டியபோது நான் பதிலுக்குத் தட்டவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. நடுவுல போயி நீ சாகத்தான் போறியா?"

அவன் செருப்பு மண்ணில் நகர்வது கேட்டது. ரொம்ப நேரம் கழித்து லேசாக ஒரு தட்டு. தயாரா?

நான் கட்டியைப் பிடிக்கவில்லை. மறுபடி ஒரு தட்டு. என்ன செய்வது? பிடித்தேன். அவன் அடித்தான். அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து நான் அழுதது அவனுக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு சத்தம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரிவிட்டும் எனக்கு இரண்டு விதமாக இருந்தது. நன்றாகப் பிடித்தால் படகு மூழ்காது. நன்றாகப் பிடித்தால் படகு ஏரி நடுவரைக்கும் போகும். ஒரு ரிவிட்டைச் சும்மா தளர்வாகப் பிடித்துக் கெடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எதைக் கெடுத்தால் எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகவே பிடித்தேன்.

வேலை முடிய முடிய அவன் வீடும் மாறிக்கொண்டு வந்தது. ஸ்விட்சுகளுக்குப் பக்கத்தில் எது எதற்கு என்று சின்னச் சின்னச் சீட்டு ஒட்டினான். வீட்டுச் சாவி இன்னொன்று செய்து, "இருக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தான். "அவன் வீட்டை ஒழுங்கு பண்றான், அவ்வளவுதான்" என்றார் அவர். ஆனால் அந்தக் கடிகாரத்தை அவர் கட்டிக்கொள்ளவில்லை, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

முப்பத்தேழும் முடிந்தது. ஓட்டைகளுக்கு அலுமினியத் தகடு போட்டாயிற்று. பின்பக்க மூலையில் மேலே ஒரு வரிசை ரிவிட் பழையதாகவே இருந்தது. அதையும் மாற்றலாமே என்றேன்.

"தேவையில்ல."

அப்போதுதான் அவன் போட்டு வைத்திருந்த கணக்கைக் காட்டினான். படகை டேப் வைத்து முழுக்க அளந்து, எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தான். படகு அறுபத்திரெண்டு. அவன் எழுபத்தொன்று. துடுப்பு இரண்டும் சேர்த்து நாலு. அந்த எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்குகிற வரைக்கும் படகு அமிழும். அதற்கு மேல் அமிழாது. அந்த மட்டத்துக்குப் படகைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டிருந்தான். நேரான கோடு, பிசிறே இல்லை.

"இந்தக் கோட்டுக்குக் கீழ எல்லாம் மாத்தியாச்சு. மேல இருக்கிறது தண்ணியையே பாக்காது."

"ஒரு ஆளுக்குத்தான் கணக்குப் போட்டிருக்க."

"ஆமா."

"அப்ப நான்?"

"நீ எதுக்கு?"

ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமையைத் தின்று, காது செவிடாகி, தோள் பட்டை கழன்று போனவளைப் பார்த்துக் கேட்கிறான், நீ எதுக்கு என்று. அதை அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏரிக்குக் கொண்டுபோன அன்று காலை வெயில் நன்றாக அடித்தது. சவுண்டு தன் வண்டியில் படகை ஏற்றி வந்து கரையில் இறக்கினார். கிழிந்த இரண்டு மிதவைச் சட்டைகளைக் கொடுத்து, போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று கத்தினார். அண்ணன் இரண்டையும் வாங்கிப் பலகைக்கு அடியில் வைத்தான். படகு தண்ணீரில் இறங்கியது. அவன் ஏறி உட்கார்ந்தான். தண்ணீர் சரியாகச் சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. அவன் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு பின்பக்கப் பலகையில் ஏறி உட்கார்ந்தேன்.

"இறங்கு."

"மாட்டேன்."

"கணக்கு ஒரு ஆளுக்கு."

"கணக்க நீயே வச்சுக்க."

"ஏறிட்டாங்கல்ல, தள்ளறேன்!" என்று சவுண்டு தள்ளியே விட்டார். பேசியது எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது.

அண்ணனுக்குத் துடுப்புப் போட வரவில்லை. இரண்டு தடவை வட்டமடித்தோம். மூன்றாவது தடவை எப்படியோ நேராகப் போனது. கரை சின்னதாகிக்கொண்டே வந்தது. சவுண்டு ஒரு சட்டைப் பட்டன் அளவுக்கு ஆனார். நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் துடுப்புகளை உள்ளே இழுத்து வைத்தான்.

"வந்தாச்சு," என்றான்.

"இப்ப என்ன?"

"தெரியல. இதுவரைக்கும்தான் யோசிச்சேன்."

காற்றுகூட இல்லை. அவனே பேசினான்.

"அவ போனதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. அழுகை வரும், வருத்தம் வரும்னு காத்துட்டே இருக்கேன். வரமாட்டேங்குது. பசிகூட வரல. இப்படியே இருந்துட்டுப் போறதுக்கு எதுக்கு இருக்கணும்னு தோணுச்சு. அது ஒண்ணுதான் தோணுச்சு."

அப்போதுதான் என் கால் நனைந்திருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். என் கனத்தில் பின்பக்கம் தாழ்ந்து, சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. மாற்றாமல் விட்ட மேல் வரிசையில் நாலு ரிவிட்டுகளிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

நான் சொல்லவில்லை. எனக்கும் நீச்சல் தெரியாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனே பார்க்கட்டும், பார்த்து என்ன செய்கிறான் என்று பார்த்துவிடுகிறேன் என்ற வீம்பு. அப்படி ஒரு கோபம் எனக்கு அவன்மேல்.

அவன் பார்த்தான். என் பாதத்தைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான். மேடைமேல் லாரி ஆடி அடங்கும்வரை எண்ணைப் பார்த்திருப்பானே, அதே பார்வை. தண்ணீர் என் கணுக்காலைத் தாண்டியது.

"எந்திரி!" என்று கத்தினான். "அங்கேர்ந்து எந்திரி! நடுவுல வா! மெதுவா... கவுத்துடாதடி! குனிஞ்சு வா!"

பலகைக்கு அடியிலிருந்து மிதவைச் சட்டைகளை இழுத்து ஒன்றை என் மூஞ்சியில் எறிந்தான், ஒன்றில் தன் கையை நுழைத்துக்கொண்டான். என் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கி, சோற்றை ஏரியில் கொட்டிவிட்டு, தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே வீச ஆரம்பித்தான். "பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா பாரு! மூடியை எடு! அள்ளு! ரெண்டு பேரும் செத்துடுவோம்டி, அள்ளு!"

நான் அள்ளவில்லை. நடுவில் வந்து உட்கார்ந்ததும் பின்பக்கம் கொஞ்சம் மேலே ஏறியது, ரிவிட்டுகள் வெளியே வந்தன, தண்ணீர் வருவது நின்றுபோனது. அது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. அவன் வாய் ஓயாமல் என்னைத் திட்டிக்கொண்டே, பைத்தியம் பிடித்தவன் மாதிரி அள்ளிக்கொண்டிருந்தான். கடைசிச் சொட்டு வரைக்கும் அள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரைக்கு வந்ததும் அவன் படகிலிருந்து இறங்கினான். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். என்ன ஆயிற்று என்று சவுண்டு கேட்டதற்கு, "இவ ஏறினா, அதான் ஆச்சு" என்றான். பிறகு சட்டைப் பையில் சீட்டையும் பேனாவையும் தேடினான்.

"உன் எடை என்ன?"

"எதுக்கு?"

"சொல்லுன்னா சொல்லேன். உன்னையும் சேத்துக் கணக்குப் போடணும். அடுத்த ஞாயிறு மேல் வரிசைய மாத்திடலாம்."

"அறுபத்தஞ்சு."

என்னை மேலும் கீழும் பார்த்தான். "மேடையில ஏத்தி நிறுத்திடுவேன்."

"எழுபத்திநாலு," என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன்.

"எடையச் சொன்னதுக்கா இவ்வளவு அழுகை?" என்று சவுண்டு ஏரி முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

சீட்டு நனைந்து கூழாகியிருந்தது. அண்ணன் உள்ளங்கையில் எழுபத்துநாலு என்று எழுதிக்கொண்டான்.